ஹார்லன் பேருக்கு ஓர் அர்ச்சனை

"யார் பேருக்கும்மா அர்ச்சனை?"

குருக்கள் கேட்டது ஸ்ம்ருதியை. பதில் சொன்னது அவள் கணவன் சபரிநாதன். அந்த வீட்டில் எல்லாக் கேள்விகளுக்கும் அப்படித்தான் நடக்கும்.

அப்போது கோடையின் தொடக்கம். கோயில் பார்க்கிங் லாட்டில், கொதிக்கும் தார்த் தரையில், ஒரு பழைய டிராக்டர் நின்றிருந்தது. அவளுடைய அப்பா பிறப்பதற்கு முன்பே பிறந்த வண்டி. ரவுண்ட் ராக் ஊரில் அவர்கள் வீட்டு கராஜில் வருடக்கணக்கில் துண்டு துண்டாகக் கழன்று கிடந்து, துரு சுரண்டப்பட்டு, சிவப்புப் பெயிண்ட் ஏறி, இப்போது கல்யாணப் பெண் மாதிரி மின்னியது. அத்தனை நாளும் ஸ்ம்ருதியின் கார்தான் வெளியே நின்று ஆலங்கட்டி மழையில் சொட்டை வாங்கியது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. முகப்பில் சந்தனமும் குங்குமமும். புது வண்டிக்குச் செய்கிற எதையும் விட்டுவிடக் கூடாது என்று சபரிக்குப் பிடிவாதம்.

"வண்டி ஓனர் பேருக்கே பண்ணிடுங்க சாமி," என்றான், டிரெய்லர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே. "பேரு ஹார்லன்."

"ராசி, நட்சத்திரம்?"

"அது அவருக்கே தெரியாது." தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டான்.

ஹார்லன் என்பது டூல்பாக்ஸ் மூடியில் ஆணியால் கீறியிருந்த பெயர். அந்த மூடிக்கு மட்டும் சபரி புதுப் பெயிண்ட் அடிக்கவில்லை. பழைய வண்டிப் பிரியர்களுக்கு அப்படி ஒரு கீறல் கிடைத்தால் பொக்கிஷம். வண்டியை வைத்திருந்த விவசாயி அவர்தான். அவர் போன பிறகு அவருடைய மனைவியிடமிருந்துதான் இதை வாங்கி வந்தார்கள்.

ஸ்ம்ருதி கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, அவர் செத்துப்போயிட்டார்ங்க. செத்தவங்க பேருக்கு யாராவது அர்ச்சனை பண்ணுவாங்களா?"

"ஒரு மரியாதைதானே. எல்லாத்துக்கும் ஏதாவது சொல்லாத ஸ்ம்ருதி."

அவள் குருக்களைப் பார்த்தாள். பின்னால் இன்னொரு குடும்பம் புதுக் காரோடு காத்திருந்தது. குருக்கள் அவசரத்தில் இருந்தார். கண்ணை மூடி, மந்திரத்தின் நடுவில் அந்தப் பெயரைச் செருகி, மணியை ஆட்டினார். ஸ்ம்ருதிக்குச் சமஸ்கிருதம் தெரியாது. ஆனாலும் ஒரு சொல் புரிந்தது. ஆயுள். மண்ணுக்குள் போன ஒரு மனிதனுக்கு நீண்ட ஆயுள் கேட்டுக்கொண்டிருந்தார் அவர்.

அர்ச்சனைத் தட்டு அவள் கையில்தான் வந்தது. விபூதிப் பொட்டலத்தைச் சபரி எடுத்து டூல்பாக்ஸுக்குள் போட்டு மூடினான்.

"ஓனருக்கு," என்றான்.

அன்றிலிருந்து வண்டி அவன் கைக்கு ஸ்டார்ட் ஆகவே இல்லை.

மாலை ஆபீஸ் வேலை முடிந்ததும் கராஜுக்குப் போவான். எஞ்சினைக் கிளப்ப முன்னால் செருகிச் சுற்றும் கிராங்க் கம்பியைச் சுழற்றுவான். கார்புரேட்டரைக் கழற்றுவான், துடைப்பான், மாட்டுவான். கடைசியில் சும்மா அதன் இரும்பு சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வான். சாப்பிடக் கூப்பிட்டால் பதில் வராது. ஸ்ம்ருதி சாம்பாரைச் சூடு பண்ணுவாள், ஆறவிடுவாள், மறுபடி சூடு பண்ணுவாள். ஒன்பது வயது அதிதி போய்க் கூப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவாள். "அம்மா, ஹி'ஸ் ஜஸ்ட் சிட்டிங் தேர்."

கோடை முடிவதற்குள் சபரி பாதியாய் இளைத்துவிட்டான். பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டான். கை எப்போதும் ஃப்ரிட்ஜுக்குள் வைத்து எடுத்தது மாதிரிச் சில்லென்று இருந்தது. டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு நார்மல் என்றார். இனிப்பே தொடாதவனின் சட்டையில் பெப்பர்மிண்ட் வாசனை வந்தது. கேட்டால், "எனக்கு ஒண்ணும் வரலையே," என்பான்.

ஆயுள் என்பது ஆகாயத்திலிருந்து கொட்டுவதில்லை என்று ஸ்ம்ருதிக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஒருவனுக்குக் கொடுக்கவேண்டுமென்றால் இன்னொருவனிடமிருந்துதான் எடுத்தாகவேண்டும்.

இதை யாரிடம் சொல்வது? அவனிடம் சொன்னாள். "நீ ரொம்ப சீரியல் பாக்கற," என்றான். குருக்களுக்கு போன் செய்தாள். வாய்ஸ்மெயில். தோழியிடம் சொன்னாள். தோழி வைட்டமின் டி குறைபாட்டைப் பற்றிப் பேசினாள்.

கடைசியில் பெரிய சண்டை போட்டு ஒரு சத்தியம் வாங்கினாள். அக்டோபரில் நடக்கும் பழைய டிராக்டர் ராலிதான் கடைசி. அணிவகுப்பில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, வண்டியை அங்கேயே ராலி கிளப்பின் மியூசியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். வெறும் டிரெய்லரோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

"சரி," என்றான் சபரி. கிளப்புக்கு அவளே போன் போட்டு எல்லாவற்றையும் பேசி முடித்தாள்.

* * *

ராலி நடந்த இடம் நகரத்துக்குக் கிழக்கே, பருத்தி எடுத்து முடித்த கறுப்பு மண் காடுகளுக்கு நடுவில். புல்வெளி முழுக்க டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. பச்சை, ஆரஞ்சு, சாம்பல், சிவப்பு. தொப்பி போட்ட கிழவர்கள் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, சாமி சந்நிதிகளைச் சுற்றுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தார்கள். குனிந்து பார்த்தார்கள். பெயிண்ட்டை விரலால் தடவினார்கள். இது ஒரிஜினல் கார்புரேட்டரா, அந்த போல்ட்டை எங்கே பிடித்தாய் என்று மணிக்கணக்காகப் பேசினார்கள். எங்கும் மண்ணெண்ணெய்ப் புகையும், சோளப்பொரியில் சர்க்கரை கருகும் வாசனையும். டப், டப், டப் என்று நூறு எஞ்சின்கள் இருமிக்கொண்டிருந்தன.

சபரியின் வண்டி மட்டும் இருமவில்லை.

காலையிலிருந்து கிராங்க் சுற்றுகிறான். தலையில் போட்ட தொப்பிக்கு அடியிலிருந்து வியர்வை கொட்டுகிறது. நாலைந்து கிழவர்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அணிவகுப்பு பதினொரு மணி என்றார்கள், பிறகு மதியம் என்றார்கள், பிறகு யாரோ முக்கியமானவர் வரவேண்டும் என்றார்கள். மியூசியத்து ஆளோ அணிவகுப்பு முடியாமல் வண்டியைத் தொடமாட்டேன் என்றான். அது கிளப் விதியாம்.

"இப்பவே எடுத்துட்டுப் போகச் சொல்லுங்களேன்," என்றாள் ஸ்ம்ருதி.

"ஒரு ரவுண்டு. ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிடறேன்." சபரி அவளைப் பார்க்கவே இல்லை.

அவனுடைய ஆபீஸ் நண்பன் மகாதேவன் கையில் வறுத்த வான்கோழிக் காலோடு வந்து சேர்ந்தான். "என்ன சிஸ்டர், சக்களத்தியை வழியனுப்ப நேர்லயே வந்துட்டீங்க போல? செவப்பா அழகாத்தான் இருக்கா."

"நீங்களே கூட்டிட்டுப் போங்க மகாதேவன். புண்ணியமாப் போகும்."

"ஐயோ, எனக்கு ஒருத்தியே ஸ்டார்ட் ஆக மாட்டேங்குறா." அவன் சிரித்துக்கொண்டே நகர்ந்தான்.

சபரி தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஸ்ம்ருதி களைத்துப்போய் டிராக்டர்மேல் சாய்ந்தாள். மேலே கூடாரத் துணி. வெயில் படாத இடம். காலையிலிருந்து யாரும் ஏறி உட்காரவும் இல்லை. அவள் கை தற்செயலாக அந்த இரும்பு சீட்டில் பட்டது.

சூடாக இருந்தது.

எஞ்சின் சூடில்லை. எஞ்சின் ஓடவே இல்லையே. இப்போதுதான் ஒருவர் எழுந்து போனது மாதிரி, உடம்புச் சூடு.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். டூல்பாக்ஸைத் திறந்தாள். விபூதிப் பொட்டலம் பிரிந்து கிடந்தது, பாதி காலி. அதைச் சுற்றி பெப்பர்மிண்ட் மிட்டாய்த் தாள்கள். ஒவ்வொன்றும் அழகாக நான்காய் மடிக்கப்பட்டிருந்தது.

"அதிதி, நீ சாப்பிட்டியா இதை?"

"நோ. அது அப்பாவோடது." அதிதி போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ஹி ஃபோல்ட்ஸ் தெம். வித் ஹிஸ் லெஃப்ட் ஹேண்ட்."

சபரிக்கு இடது கைப் பழக்கம் கிடையாது.

டப்.

எஞ்சின் ஒரே ஒரு முறை அடித்து அடங்கியது. கிராங்க் கம்பி தரையில் கிடந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உள்ளே எண்ணெய் தேங்கியிருக்கும் என்றார் ஒருவர்.

ஆனால் வரிசையின் ஓரமாக, மடக்கு நாற்காலியைக் கையில் பிடித்தபடி நடந்து வந்துகொண்டிருந்த ஒரு வயதான வெள்ளைக்காரி அப்படியே நின்றுவிட்டாள்.

அவளை ஸ்ம்ருதிக்குத் தெரியும். வண்டி வாங்கிய அன்று பார்த்தவள். ஹார்லனின் மனைவி டோரதி.

டோரதி நாற்காலியை விரித்து, வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். அவளிடமிருந்து சோப்பு வாசனை வந்தது. ஸ்ம்ருதி பக்கத்துப் புல்லில் உட்கார்ந்தாள். சபரி அந்தக் கோடியில் குழாயடியில் கிழவர்களோடு நின்றிருந்தான். இங்கே பேசுவது அங்கே கேட்காது.

"உன் கணவர் மெலிந்துவிட்டார்," என்றாள் டோரதி.

ஸ்ம்ருதிக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை மாதத்தில் அதைப் பார்த்துச் சொன்ன முதல் ஆள். அவள் தன் இங்கிலீஷில் அர்ச்சனையை விளக்கப் பார்த்தாள். எந்த வார்த்தையும் சரியாக வந்து விழவில்லை. கடைசியில், "உங்கள் கணவர் பெயரில் பிரார்த்தனை செய்தோம். அவருக்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்று," என்றாள்.

"அவர்தான் இறந்துவிட்டாரே, கண்ணு."

"ஆமாம்."

டோரதி வண்டியைப் பார்க்காமல் சொன்னாள்.

அந்தக் கடைசி நாளில் ஹார்லன் வீட்டுக்கு முன்னாலிருந்த நிலத்தில் உழுதுகொண்டிருந்தார். சாப்பாட்டு வேளை. அவள் வாசலில் நின்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. வண்டி வட்டம் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கையை ஆட்டினாள். அவர் ஆட்டவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. எப்போதும் இப்படித்தான், இந்த வண்டியில் ஏறினால் இறங்க மனம் வராது. பட்டினி கிடக்கட்டும் என்று அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எண்ணெய் தீர்ந்து சத்தம் நின்ற பிறகுதான் போய்ப் பார்த்தாள். உட்கார்ந்தபடியே இருந்தார். உடம்பு எப்போதோ சில்லிட்டிருந்தது.

"வேலை முடிந்து வந்தால் தொப்பியைக் கழற்றி என் முழங்காலில் வைப்பார். பேசமாட்டார். பசிக்கிறது என்று அர்த்தம்." அவள் தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள். "இதை நான் என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு அந்தத் தொப்பி வரவே இல்லை."

அந்த நேரத்தில்தான் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

டப், டப், டப்டப்டப்டப்.

ஸ்ம்ருதி திரும்பிப் பார்த்தாள். சபரி சீட்டில் இருந்தான். கிராங்க் கம்பி இன்னும் அதே இடத்தில் புல்லில் கிடந்தது. கிழவர்கள் கைதட்டினார்கள். மகாதேவன் விசில் அடித்தான். சபரி யாரையும் பார்க்காமல், முதுகு நிமிர்ந்து, அணிவகுப்பு வரிசையில் போய்ச் சேர்ந்தான்.

ஒரு ரவுண்டு, என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள் ஸ்ம்ருதி. ஒரே ஒரு ரவுண்டு.

வரிசை வலது பக்கம் திரும்பியது. சிவப்பு டிராக்டர் திரும்பவில்லை. ஓரத்தில் கட்டியிருந்த பாதுகாப்புக் கயிற்றை அறுத்துக்கொண்டு, நேராகப் பருத்திக் காட்டுக்குள் இறங்கியது. காய்ந்த செடிக் கட்டைகள் முறியும் சத்தம் கேட்டது. காட்டின் நடுவில் அது இடது பக்கம் ஒடித்துத் திரும்பியது.

ஒரு வட்டம்.

இன்னொரு வட்டம்.

கூட்டம் ஆரவாரம் செய்தது. வித்தை காட்டுகிறான் என்று நினைத்தார்கள். மகாதேவன் போனைத் தூக்கி வீடியோ எடுத்தான். "மாப்ள கலக்கறான் பாருங்க சிஸ்டர்!"

"வித்தை இல்ல மகாதேவன், நிறுத்தச் சொல்லுங்க! யாராவது நிறுத்துங்க!"

"அட, என்ஜாய் பண்ணட்டும் விடுங்க."

கிளப் ஆளிடம் ஓடினாள். பாதுகாப்புக் கயிற்றைத் தாண்டக் கூடாது என்று அவன் அவளைத் தடுத்தான். "அவர் ஓட்டவில்லை!" என்று கத்தினாள். "ரொம்ப நன்றாகத்தான் ஓட்டுகிறார்," என்று அவன் சிரித்தான். அத்தனை மாதக் கோபமும் அவளுக்குள் பொங்கியது. ஆறிய சாம்பார், பதில் வராத கேள்விகள், சும்மா இரு என்ற சொல். கிளப் ஆளின் கையைத் தட்டிவிட்டுக் கயிற்றுக்குக் கீழே குனிந்து ஓடினாள்.

கறுப்பு மண் செருப்பைப் பிடித்து இழுத்தது. செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். வண்டி மனிதர் நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் போனதும் பெப்பர்மிண்ட் வாசனை மூச்சை அடைத்தது.

"என்னங்க!"

சபரியின் கண்கள் திறந்திருந்தன. அவற்றில் ஒன்றின்மேல் ஈ வந்து உட்கார்ந்தது. அவன் இமைக்கவில்லை.

டேங்குக்குக் கீழே ஒரு சின்னத் திருகு. அதை மூடினால் எண்ணெய் நிற்கும். அவன் ராப்பகலாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கே மனப்பாடம் ஆகியிருந்தது. எட்டிப் பிடித்து மூடினாள். எஞ்சின் நிற்கவேண்டும்.

நிற்கவில்லை.

எண்ணெயே இல்லாமல் அது சுற்றியது. அவன் கையைத் தொட்டாள். பனிக்கட்டி.

உள்ளே போய் அடுப்பை அணைத்தவள் டோரதி. நான் போகமாட்டேன் என்று நினைத்தாள் ஸ்ம்ருதி. குருக்களின் கேள்வி அவள் காதில் விழுந்தது. யார் பேருக்கும்மா? அன்றைக்கு அவள் சொல்லியிருக்க வேண்டிய பதில் தொண்டையிலேயே இத்தனை நாள் கிடந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் உரக்கச் சொல்லியிராத பெயர் அது. சக்கரத்தோடு சேர்ந்து ஓடிக்கொண்டே அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"சபரிநாதன்! மீன ராசி! உத்திரட்டாதி நட்சத்திரம்!"

மறுபடி கத்தினாள். குரல் உடைகிறவரை கத்தினாள். பெயர், ராசி, நட்சத்திரம். பெயர், ராசி, நட்சத்திரம். கயிற்றுக்கு அப்பால் கைதட்டல் மெல்ல மெல்ல அடங்கியது.

டப்... டப்...

வண்டி நின்றது.

சபரி இமைத்தான். சுற்றிப் பார்த்தான். "ஸ்ம்ருதி? ஏன் செருப்பில்லாம நிக்கற?"

அவள் அவனைக் கீழே இழுத்துக் கட்டிக்கொண்டாள். அத்தனை பேர் எதிரில். அவன் உடம்பு மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டிருந்தது. அதிதி ஓடிவந்து இருவரையும் பிடித்துக்கொண்டாள். சபரி மகளின் தலையைக் கோதினான். சிரித்தான். கன்னத்தில் ரத்தச் சிவப்பு ஏறியது. மாதக்கணக்கில் அவள் பார்க்காத நிறம்.

இருந்தாலும் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் போலிருந்தது.

"உங்க நட்சத்திரம் என்ன?"

"உத்திரட்டாதி. இதென்ன கேள்வி?"

அழுதாள், சிரித்தாள். வந்துவிட்டான். மியூசியத்து ஆள் சங்கிலியோடு வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போனான். சபரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை சுலபமா என்றிருந்தது. மூவருமாகக் காட்டிலிருந்து மேட்டுக்கு ஏறினார்கள்.

பாதி வழியில்தான் அவளுக்கு அது உறைத்தது.

உத்திரட்டாதி என்று அவளேதான் காடு முழுக்கக் கேட்கும்படி கத்தியிருந்தாள். காது உள்ள யாரும் அந்தப் பதிலைச் சொல்லியிருக்கலாம்.

"என்னங்க," என்றாள். "அதிதியோட நட்சத்திரம் என்ன?"

அவன் காதில் விழவில்லையோ என்னவோ. அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். அவர்களுடைய காரை நோக்கி இல்லை. கூடாரத்தின் ஓரத்தில், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த டோரதியை நோக்கி.

அவள் எதிரில் போய் நின்றான். இடது கையால் தொப்பியைக் கழற்றினான்.

அதை அவள் முழங்காலில் வைத்தான்.

ஸ்ம்ருதி ஓடினாள். "டோரதி, ப்ளீஸ், சொல்லுங்க, இவர்..."

டோரதி அந்தத் தொப்பியைப் பார்த்தாள். சபரியின் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம், சாப்பாட்டு மேசையில் எதிரில் உட்கார்ந்தவரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். பிறகு ஸ்ம்ருதியின் பக்கம் திரும்பினாள்.

தொப்பியை இரண்டு விரலால் எடுத்து நாற்காலியில் வைத்தாள். நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தாள். வயதுக்கு மீறிய வேகத்தில் தன் பழைய பிக்கப்புக்குப் போய், கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.